டிரம்ஸ் சிவமணி: ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து மேடைக்கு

ஆனந்தன் சிவமணி சென்னையைச் சேர்ந்த தாளக் கலைஞர். 1959 டிசம்பர் 1 அன்று பிறந்தார். இவருடைய தந்தை எஸ். எம். ஆனந்தனும் சென்னையில் தாளக்கருவி வாசித்தவரே. பதினொரு வயதில் தொழில்முறையாக வாசிக்கத் தொடங்கிய சிவமணி, கே. வி. மகாதேவன் காலம் முதல் ஏ. ஆர். ரகுமான் காலம் வரை திரையிசையில் பணியாற்றியுள்ளார். ஜாஸ், ராக், இந்திய இசை ஆகியவற்றின் கலைஞர்களோடு உலக மேடைகளிலும் வாசித்துள்ளார். 2019-ஆம் ஆண்டு இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

தமிழ்த் திரைப்பாடல்களில் டிரம்ஸ் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒலித்து வருகிறது. ஆனால் அதை வாசித்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்வது சிவமணி என்ற ஒரே பெயரைத்தான். மற்றவர்களின் பெயர்கள் ஏன் நமக்குத் தெரியவில்லை? இவருடைய பெயர் மட்டும் எப்படி வெளியே வந்தது? இதற்கு விடை காண, டிரம்ஸ் ஜாஸ் இசையில் உருவான விதத்தையும், ராக் இசை வழியாகப் பரவிய விதத்தையும், சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் அதற்குக் கிடைத்த இடத்தையும் அறிந்துகொள்ள வேண்டும்.

கருவி பிறந்த விதம்

டிரம்ஸ் என்பது பல கருவிகளின் தொகுதி. பெரிய முரசான பாஸ் டிரம், அடிப்பக்கத்தில் கம்பிச் சுருள்கள் கட்டிய ஸ்னேர் டிரம், வெண்கல வகை உலோகத்தாலான சிம்பல் தட்டுகள் ஆகியவை 19-ஆம் நூற்றாண்டின் இராணுவ வாத்தியக் குழுக்களில் தனித்தனி ஆட்களால் வாசிக்கப்பட்டன. அந்த வேலைப் பிரிவினையை நம் ஊர்களில் இன்றும் காணலாம். தென்னேரி, உத்திரமேரூர் பக்கத்துச் சிற்றூர்களில் கல்யாண ஊர்வலத்துக்கு வரும் பேண்டு செட்டில் ஒருவர் பெரிய டிரம்மைச் சுமந்து அடிப்பார். இன்னொருவர் இடுப்பளவில் தொங்கும் சிறிய டிரம்மைக் குச்சிகளால் உருட்டுவார்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் திருவிழா, சாவு ஊர்வலங்களில் இத்தகைய குழுக்களே வாசித்தன. அதே இசை நடன அரங்குகளுக்குள் நுழைந்தபோது இடம் குறைவாக இருந்தது. கூலிக்கான பணமும் குறைவாக இருந்தது. ஒருவரே உட்கார்ந்து பலர் வேலையைச் செய்ய வேண்டியதாயிற்று. 1909-இல் வில்லியம் லுட்விக் உருவாக்கிய மிதிகட்டை, பாஸ் டிரம்மைக் காலால் விரைவாக அடிக்க உதவியது. 1920களின் பிற்பகுதியில், இரண்டு தட்டுகளைக் காலால் மூடித் திறக்கும் ஹை-ஹேட் வந்தது. இரண்டு கைகளும் இரண்டு கால்களும் வெவ்வேறு வேலை செய்யும் கருவி இவ்வாறு அமைந்தது.

ஜாஸ் கலைஞர்கள் இக்கருவிக்கு ஒரு மொழியை உண்டாக்கினர். 1938 ஜனவரி 16 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் பென்னி குட்மன் குழு வாசித்தபோது, டிரம்ஸ் வாசித்த ஜீன் குரூபா குழுத் தலைவருக்கு இணையாகக் கைதட்டல் பெற்றார். 1940களில் கென்னி கிளார்க் போன்றோர் தொடர்ச்சியான தாள நடையைப் பாஸ் டிரம்மிலிருந்து சிம்பலுக்கு மாற்றினர். இதனால் இடது கைக்கும் கால்களுக்கும் விடுதலை கிடைத்தது. தாளம் காத்துக்கொண்டே, பாடகருக்கோ ஊதுபவருக்கோ இடையிடையே பதில் சொல்லவும் டிரம்ஸ் கலைஞரால் முடிந்தது.

ஜாஸ் கற்று ராக் வாசித்தவர்கள்

1960களில் ராக் இசை பெரிய திடல்களுக்குச் சென்றபோது, அதன் முன்னணி டிரம்ஸ் கலைஞர்களில் பலர் ஜாஸில் ஊறியவர்களாக இருந்தனர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சார்லி வாட்ஸ் (1941–2021) ஒரு பாஞ்சோவின் கழுத்தைக் கழற்றிவிட்டு அதன் உடலையே சிறு டிரம்மாக்கிப் பழகத் தொடங்கியவர். 1963-இல் அக்குழுவில் சேர்ந்த பிறகும் இடது கையில் குச்சியைப் பிடித்த முறை ஜாஸ் கலைஞர்களின் பழைய முறையே. தோளில் சாய்வாகத் தொங்கும் இராணுவ டிரம்மை அடிப்பதற்காக ஏற்பட்ட பிடி அது. கிரீம் குழுவின் ஜிஞ்சர் பேக்கர் (1939–2019) இலண்டன் ஜாஸ் கலைஞர் பில் சீமனிடம் ஆப்பிரிக்கத் தாளங்களை அறிந்துகொண்டவர். பின்னர் நைஜீரியாவுக்கே சென்று ஃபெலா குட்டியுடன் வாசித்தார்.

இவ்வரிசையில் நமக்கு மிக நெருக்கமானவர் பில்லி காபம். 1944-இல் பனாமாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். அமெரிக்க இராணுவ இசைக்குழுவிலும், ஹோரேஸ் சில்வரின் ஜாஸ் குழுவிலும், மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவுகளிலும் வாசித்த பின், கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் 1971-இல் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தார். ராக் இசையின் உரத்த ஒலியில், ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை எண்ணிக்கைகளில் அமைந்த தாளங்களை அக்குழு வாசித்தது. அதே மெக்லாஃப்லின் எஸ். இராமநாதனிடம் வீணை கற்றார். பின்னர் சக்தி குழுவைத் தொடங்கியபோது கடம் வித்வான் டி. எச். விநாயக்ராமைச் சேர்த்துக்கொண்டார். தமிழ்நாட்டின் தாள அறிவு ஜாஸ்-ராக் உலகிற்குள் சென்ற வழிகளில் இது ஒன்று. தமக்கு ஊக்கமளித்தவர்களாகச் சிவமணி குறிப்பிடும் இருவரில் ஒருவர் இந்தப் பில்லி காபம். மற்றொருவர் சென்னையில் டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்ட்.

சென்னையின் கூடங்களில்

மேற்கத்திய இசைக்கருவிகள் சென்னைக்குத் தேவாலயங்கள், இராணுவ, காவல்துறை வாத்தியக் குழுக்கள், ஆங்கிலோ-இந்தியர்களின் நடன நிகழ்ச்சிகள், ஓட்டல்கள் ஆகியவற்றின் வழியாக வந்தன. பெரிய ஜாஸ் கலைஞர்களும் வந்து போயினர். 1958-இல் டேவ் புரூபெக் குழு அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் இந்தியாவில் பயணம் செய்தபோது சென்னையிலும் வாசித்தது. இவ்வாறு மேற்கத்திய இசையில் பழகியவர்களுக்குத் திரைப்படத் துறை நிலையான வேலை கொடுத்தது. நோட்டு படிக்கத் தெரிந்த வயலின் கலைஞர்களும், ஊதுகருவிக் கலைஞர்களும், கிதார், டிரம்ஸ் கலைஞர்களும் கோடம்பாக்கத்தில் ஒன்றுகூடினர். எம். எஸ். விசுவநாதன் காலத்தில் பாங்கோவும் டிரம்ஸும் தமிழ்ப் பாடலின் இயல்பான ஒலிகளாகிவிட்டன. இளையராஜாவின் குழுவில் புருஷோத்தமன் டிரம்ஸ் வாசித்ததோடு குழுவை நடத்துபவராகவும் பல ஆண்டுகள் விளங்கினார்.

அந்நாளைய ஒலிப்பதிவில் பாடகரும் குழுவினரும் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். ஒருவர் தவறினாலும் பாடல் முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும். டிரம்ஸின் ஒலி மற்றவர்களின் ஒலிவாங்கிகளில் கலக்கும் என்பதால் அதை வாசிப்பவரைத் தள்ளியோ, தனித் தடுப்புக்குள்ளோ உட்கார வைப்பது வழக்கம். ஒரே நாளில் வெவ்வேறு இசையமைப்பாளர்களுக்கு வெவ்வேறு நடைகளில் வாசிக்கும் திறமை அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆனால் இசைத்தட்டின் உறையில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்கள் மட்டுமே அச்சாகும். வாசித்தவர்களுக்கு அன்றைய கூலியோடு உறவு முடிந்தது. இவர்களுக்கு நியாயமான ஊதியமும் பாதுகாப்பும் வேண்டும் என்று இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்ததும் இந்தச் சூழலில்தான்.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். தாளக் கலைஞருக்குத் தனி இடம் கொடுப்பது தமிழர்களுக்குப் புதிதன்று. கருநாடக இசைக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் உண்டு. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, சுற்றுகளைப் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே வந்து ஒன்றுசேரும் பகுதியைக் குறைப்பு என்பர். ஜாஸில் இரு கலைஞர்கள் நான்கு நான்கு அளவுகளாக மாறி மாறி வாசிப்பதும் ஏறக்குறைய இதே முறைதான். இரண்டு மரபுகளும் தாளக் கலைஞரைப் பேச விடுகின்றன. நான்கு நிமிடத் திரைப்பாடலில் அதற்கு இடமில்லை. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே சில நொடிகள் உருட்டுவதோடு டிரம்ஸ் கலைஞர் நிறுத்திக்கொள்ள வேண்டும். தனி ஆவர்த்தனத்தைக் கேட்டுத் தலையாட்டிய அதே ஊரில், டிரம்ஸ் கலைஞர் முகமற்றவராகவே இருந்தார்.

சிவமணியின் தொடக்கம்

சிவமணி இந்தப் பின்வரிசை உலகத்தில் பிறந்தவர். தந்தையின் தொழிலே வீட்டில் பயிற்சியாக அமைந்தது. ஏழு வயதில் குச்சியைக் கையில் எடுத்தார். திரையிசையில் கே. வி. மகாதேவனிடம் அவருடைய பணி தொடங்கியது. எஸ். பி. பாலசுப்பிரமணியம், டி. ராஜேந்தர், இளையராஜா ஆகியோரின் ஆதரவையும் அவர் நன்றியோடு குறிப்பிடுவது உண்டு.

பாலசுப்பிரமணியம் போன்ற பாடகர்களின் மேடைக் கச்சேரிகள் திரைக்கலைஞர்களுக்கு வேறொரு வாசலைத் திறந்தன. ஒலிப்பதிவுக் கூடத்தில் கேட்பவர் முகம் தெரியாது. மேடையிலோ ஓர் உருட்டலுக்கு உடனே கைதட்டல் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். எந்த இடத்தில் ஓசையைக் கூட்டுவது, எந்த இடத்தில் நிறுத்திக் காத்திருப்பது என்பதை அங்கே கூட்டமே கற்றுக்கொடுக்கிறது.

அதே காலத்தில் சென்னை இளைஞர்களிடையே ஜாஸ்-ராக் ஆர்வமும் வளர்ந்தது. ரூட்ஸ் என்ற குழுவில் சிவமணி டிரம்ஸும், பின்னாளில் ஏ. ஆர். ரகுமான் என்று புகழ்பெற்ற திலீப் கீபோர்டும் வாசித்தனர். ஜான் ஆன்டனி, சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா ஆகியோரும் அக்குழுவில் இருந்தனர். பகலில் மற்றவர்களின் பாடல்களுக்கு வாசித்துச் சம்பாதித்த இளைஞர்கள், தங்கள் விருப்பத்துக்கு வாசிக்க இப்படிப்பட்ட குழுக்களை அமைத்துக்கொண்டனர். பின்வந்த தமிழ்த் திரையிசை மாற்றத்தின் வித்துகளில் சில இங்கே விழுந்தன.

இயந்திரம் வந்தபோது

1980-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டி.ஆர்.-808 என்ற தாள இயந்திரத்தை வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் உண்மையான டிரம்ஸ் ஒலிகளைப் பதிவுசெய்து வைத்திருந்து, பொத்தானை அழுத்தினால் எழுப்பும் இயந்திரங்களும் வந்தன. 1980களின் நடுவிலிருந்து இந்தியத் திரையிசையிலும் இவை இடம்பெற்றன. இயந்திரம் தாளம் தவறாது. சாப்பாட்டு இடைவேளை கேட்காது. மறுபடி எடுக்க வேண்டிய தேவையும் வராது. ஒரே அறையில் ஐம்பது பேர் கூடிய ஒலிப்பதிவுகள் குறையத் தொடங்கின. பின்வரிசையில் உட்கார்ந்து பல குடும்பங்களைக் காப்பாற்றிய கலைஞர்களுக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வியாக இருந்தது.

1992-இல் வெளிவந்த ரோஜா படத்தோடு கணினி வழி இசையமைப்பு தமிழில் முழுமையாக நிலைபெற்றது. அந்தப் படத்திலும், பின்னர் தில் சே, தால், லகான், ரங் தே பசந்தி முதலிய படங்களிலும் சிவமணியின் வாசிப்பு இடம்பெற்றது. கணினியைக் கொண்டு எதையும் செய்யக்கூடிய இசையமைப்பாளர் சிவமணியைத் தொடர்ந்து அழைத்ததற்குக் காரணம் உண்டு. சீரான தாளத்தை இயந்திரம் மலிவாகத் தந்துவிட்டது. கையின் எடை, அடிக்கு அடி மாறும் அழுத்தம், எதிர்பாராத ஒரு நிறுத்தம், ஓர் ஓரத்துத் தட்டல் போன்றவற்றை அதனால் தர முடியவில்லை. தாளம் காத்த கலைஞரின் வேலை பறிபோனபோது, தனிக்குரல் உடைய கலைஞரின் தேவை கூடியது.

1990: ரங் பவன் மேடை

சிவமணியின் வாழ்வில் பெரிய திருப்பமாகக் கருதப்படுவது 1990-இல் மும்பை ரங் பவன் திறந்தவெளி அரங்கில் நடந்த நிகழ்ச்சி. தபலா மேதை ஜாகிர் உசேன், தாளக் கலைஞர் திரிலோக் குர்ட்டு ஆகியோருடன் அவர் அங்கு மேடையைப் பகிர்ந்துகொண்டார். ஜாஸ் யாத்ரா விழாவும் ராக் இசை நிகழ்ச்சிகளும் நடந்த அரங்கம் அது. அங்கே கூடியவர்கள் நெடிய தாள உரையாடல்களைப் பொறுமையோடு கேட்டுப் பழகியவர்கள்.

உடன் வாசித்த இருவரும் எல்லைகளைக் கடந்தவர்கள். ஜாகிர் உசேன் சக்தி குழுவில் மெக்லாஃப்லினோடு வாசித்தவர். திரிலோக் குர்ட்டு தபலாவையும் டிரம்ஸையும் ஒரே தொகுதியாக இணைத்துத் தரையில் அமர்ந்து வாசிப்பவர். தண்ணீர் வாளிக்குள் தட்டுகளை அமிழ்த்தி ஒலியை வளைப்பவர். இவர்களுக்கு இணையாக நின்றதன் மூலம், சென்னையின் திரைப்படக் குழுக்களுக்கு வெளியே சிவமணியின் பெயர் பரவியது. பின்னர் பியானோ கலைஞர் லூயிஸ் பாங்க்ஸ், சிதார் கலைஞர் நீலாத்ரி குமார், ரவி சாரி ஆகியோருடன் ஏசியா எலக்ட்ரிக் குழுவிலும் வாசித்தார். திரையிசைக்குப் பின்னணி வாசித்தவர் தம் பெயரில் மேடையேறும் நிலை வந்தது.

வாசிப்பின் தன்மை

சிவமணியின் கருவித் தொகுதியில் வழக்கமான டிரம்ஸோடு, குழாய் போன்ற எட்டு ஆக்டோபான்கள், அரபு நாட்டுத் தர்புகா, நம்முடைய உடுக்கை, கடம், கஞ்சிரா ஆகியவையும் இருக்கும். தண்ணீர் கேன், பயணப் பெட்டி, சமையல் பாத்திரம் எனக் கையில் கிடைப்பதையும் வாசிப்பார். இதை வேடிக்கை என்று மட்டும் கொள்ளலாகாது. டிரம்ஸ் என்ற கருவியே கிடைத்ததைச் சேர்த்துக் கட்டியதில் பிறந்ததுதான். தொடக்ககால ஜாஸ் கலைஞர்கள் மாட்டு மணி, மரக்கட்டை, சீன நாட்டுத் தட்டு முதலியவற்றைத் தங்கள் தொகுதியில் மாட்டி வைத்திருந்தனர். அந்தப் பழைய பழக்கத்தைச் சிவமணி உடுக்கையோடும் குடத்தோடும் தொடர்கிறார்.

மெல்லிய ஒலியில் தொடங்கி, ஒரு சிறு சொற்கட்டை எடுத்து, அதை வெவ்வேறு கருவிகளில் மாற்றி மாற்றிக் காட்டி, வேகத்தைக் கூட்டி உச்சிக்குக் கொண்டுபோவது அவருடைய தனி வாசிப்பின் பொதுவான வடிவம். இடையே ஒரு தாளத்தைக் கைதட்டிக் காட்டி, கூட்டத்தைத் திருப்பித் தட்டச் சொல்வார். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் வேகத்தையும், தனி ஆவர்த்தனத்தின் சொற்கட்டையும், கோயில் திருவிழாவின் கூட்டத்தையும் அதில் ஒருசேரக் கேட்கலாம்.

இதில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பெரிய கூட்டத்தை எழுப்பும் வாசிப்பில் அடக்கத்துக்கு இடம் குறைகிறது. சார்லி வாட்ஸின் பெருமை அவர் வாசிக்காமல் விட்ட இடங்களில் இருந்தது. தண்ணீர் கேன் வாசிப்பை விரும்பிக் கேட்கும் கூட்டம், பாடலுக்குப் பின்னால் அவர் காட்டும் நுணுக்கத்தைக் கவனிப்பதில்லை. மேடை தந்த புகழ் அவருடைய திறமையின் ஒரு பாதியையே வெளிக்காட்டியது எனலாம்.

திடலும் திரையும்

2008-இல் இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடங்கியபோது, சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ஆட்டங்களில் சிவமணி டிரம்ஸ் வாசித்தார். சேப்பாக்கம் மைதானத்தில் அவருடைய தாளத்துக்கு ரசிகர்கள் கைதட்டியதைத் தொலைக்காட்சி நாடெங்கும் கொண்டுசென்றது. ஜாஸ் அரங்குக்கோ சபாக் கச்சேரிக்கோ போகாதவர்களுக்கும் டிரம்ஸ் கலைஞர் ஒருவரின் முகம் அப்போது அறிமுகமாயிற்று. பின்னர் அரிமா நம்பி (2014), கணிதன் (2016) ஆகிய படங்களுக்கு அவர் இசையமைத்தார். ஒருகாலத்தில் உறையில் அச்சாகாத தாளக் கலைஞரின் பெயர், இசையமைப்பாளர் என்ற இடத்திலேயே அச்சானது.

மதிப்பீடு

சிவமணியின் வளர்ச்சிக்குத் திறமையும் உழைப்பும் அடிப்படை. ஆனால் திறமையிலும் உழைப்பிலும் குறையாத பலர் பின்வரிசையிலேயே இருந்து மறைந்தனர். சிவமணிக்கு மூன்று வாய்ப்புகள் ஒருங்கே அமைந்தன. முதலாவது, தாளக் கலைஞருக்கும் தனிக்குரல் உண்டு என்ற ஜாஸின் படிப்பினை நோயல் கிராண்ட், பில்லி காபம் வழியே அவரை எட்டியது. இரண்டாவது, அந்தக் குரலைப் பெரிய கூட்டத்துக்குக் கொண்டுசெல்லும் ராக் மேடைகளும் பாடகர்களின் கச்சேரிகளும் அவருக்குக் கிடைத்தன. மூன்றாவது, இயந்திரங்கள் வந்து பழைய வேலையைப் பறித்த காலத்தில் அவர் கூடத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அவரும் நல்ல வாசிப்பாளர் என்று சக கலைஞர்கள் மட்டும் அறிந்த ஒருவராக இருந்திருக்கக்கூடும்.

நிலைமை ஓரளவு மாறியுள்ளது. ரகுமான் தம் ஒலித்தட்டுகளில் வாசித்த கலைஞர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கத்தைப் பரவலாக்கினார். ஆனால் 1950கள் முதல் 1980கள் வரை வெளிவந்த ஆயிரக்கணக்கான பாடல்களில் எந்த டிரம்ஸ் எவர் வாசித்தது என்பதற்கு அச்சான பதிவு மிகக் குறைவு. அந்தக் குழுக்களில் வாசித்தவர்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். இசை வரலாறு படிக்கும் மாணவர்கள், தங்கள் ஊரிலோ உறவிலோ அப்படி ஒருவர் இருந்தால், எந்தக் கூடத்தில், யாருக்கு, எந்தப் பாடலுக்கு வாசித்தார் என்று கேட்டு எழுதிவைக்கலாம். நோயல் கிராண்டின் பெயர் இன்றைய தலைமுறைக்குத் தெரிவதற்கு, சிவமணி அவரை மறவாமல் சொல்லி வருவதும் ஒரு காரணம். மற்றவர்களின் பெயர்களைச் சொல்ல இன்னும் ஆட்கள் வேண்டும்.